மோட்டார் சைக்கிள் இல்லாத ஹெல்மெட்

எனக்குத் தலை பெரிசு. இப்போது அதைச் சொல்லிக்கொள்வதில் ஒரு வருத்தமும் இல்லை. அஞ்சாம் வகுப்பு படிக்கும்போது இருந்தது. உடம்பு முருங்கைக்காய் மாதிரி, தலை மட்டும் வேறு யாருக்கோ செய்ததை எனக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் போல இருக்கும். அம்மா நிறைய எண்ணெய் தேய்த்து ரெட்டைச் சடையை இறுக்கிப் பின்னினால் அடங்கிவிடும் என்று நம்பினாள். அடங்கவில்லை. அந்தத் தலை ஒரே ஒரு தடவை எங்கள் குடும்பத்துக்குப் பயன்பட்டது. அது எப்படி முடிந்தது என்று நினைத்தால் இன்றைக்கும் தனியாக இருக்கும்போதுகூட எனக்கு முகம் சுட்டுப்போகிறது.

எழுபதுகளின் நடுவில் முத்தையாபுரத்தில், திருச்செந்தூர் போகிற ரோட்டின் மேல் அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் வீடு. கடை போதாதென்று அந்த வருஷம் கொஞ்சம் உப்பளத்தையும் குத்தகைக்கு எடுத்திருந்தார். கோடை நன்றாகக் காய்ந்தது. உப்பு அம்பாரம் அம்பாரமாகக் குவிந்தது. அந்தத் தெம்பில் ஆவணியில் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. அத்தானுக்கு உர ஆலையில் வேலை. வீடு தூத்துக்குடி டவுனுக்குள். தினமும் எங்கள் கடையைத் தாண்டித்தான் சைக்கிளில் வேலைக்குப் போவார். அதிகம் பேச மாட்டார். கேட்டதற்குப் பதில் சொல்வார், அதையும் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அத்தான் வீட்டில் மோட்டார் சைக்கிள் கேட்கவே இல்லை. கல்யாணப் பந்தியில் சந்தோஷம் தாங்காமல் அப்பாவேதான் எழுந்து நின்று, பொங்கலுக்கு மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளில்தான் வருவார் என்று ஊர் கேட்கச் சொன்னார். பக்கத்தில் இருந்த அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் சொல் வாயை விட்டுப் போய்விட்டது. மறுநாள் சாயங்காலத்துக்குள் அக்காவின் மாமியார் தன் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். எந்தத் தாய்தான் சொல்லாமல் இருப்பாள்.

அம்பாரத்தை விற்றதும் வண்டி எடுப்பது என்று அப்பா முடிவு செய்திருந்தார். ஐப்பசிக்கு மேல் விலை ஏறும், அதுவரை பனையோலை போட்டு மூடி வைப்போம் என்று காத்திருந்தார். அதற்கு முன்னால் ஹெல்மெட் வாங்கிவிட வேண்டும் என்று ஆரம்பித்தார். துறைமுகத்துப் பக்கம் ஒருவர் கப்பல் சாமான் விற்கிற கடை வைத்திருந்தார். வெளிநாட்டுக் கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போகிற சோப்பு, சீப்பு, நைலான் சேலை எல்லாம் அங்கே கிடைக்கும். அங்கே ஹெல்மெட் வந்திருப்பதாக யாரோ சொல்லிவிட்டார்கள். வண்டியை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம், கப்பல் சாமான் இன்றைக்குப் போனால் நாளைக்கு வராது என்றார் அப்பா. எங்கள் பக்கத்தில் அப்போது ஹெல்மெட் போட்ட தலையை யாரும் பார்த்ததில்லை. ஊரில் அதற்குப் பேரே இரும்புத் தொப்பிதான்.

மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்த் தலையைக் காட்டச் சொல்வது மரியாதை இல்லை. அளவுக்கு என்ன செய்வது என்று அப்பா யோசித்துக்கொண்டிருந்தபோது நான் போய் மாட்டிக்கொண்டேன். கல்யாணத்தன்று அத்தான் வைத்திருந்த சரிகைத் தலைப்பாகை எங்கள் வீட்டில் கிடந்தது. ஆசைக்கு எடுத்துத் தலையில் வைத்துக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்துவிட்டார். முதுகில் ஒன்று விழும் என்று பார்த்தால், என்னை ஒரு சுற்றுச் சுற்றவைத்து, தலைப்பாகையை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. அப்படியே அம்மாவைக் கூப்பிட்டு, நம்ம பிள்ளைக்கு மாப்பிள்ளை தலை என்று பெருமையாகச் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமையே என்னைப் பஸ் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோனார்.

கடையில் மூன்று ஹெல்மெட் இருந்தது. கடைக்காரர் பல வருஷம் கப்பலில் ஓடி ஓய்ந்தவர், எதையும் அவசரமில்லாமல் எடுத்துக் காட்டினார். முதலாவது வெள்ளை, மண்டைக்கு மட்டும் மூடி. மாப்பிள்ளை விழுந்தால் தாடை என்ன ஆகும் என்று அப்பா அதை ஒதுக்கிவிட்டார். இரண்டாவது முகத்தையே முழுசாக மூடியது. வழியில் பெரியவர்கள் வந்தால் யாரென்று தெரிய வேண்டாமா, வெற்றிலை போட்டால் எங்கே துப்புவது என்று அதையும் வேண்டாமென்றார். மூன்றாவதுதான் அவரைப் பிடித்துக்கொண்டது. பழுத்த ஆரஞ்சு நிறம். தாடையை மூடும் பகுதி தனி, காதருகே இருக்கும் இரண்டு திருகைத் திருகினால் கையோடு வந்துவிடும். முன்னால் தூக்கிவிடுகிற கண்ணாடி. ஊருக்குள் முகத்தைக் காட்டலாம், லாரி வருகிற ரோட்டில் மூடிக்கொள்ளலாம். அப்பா அந்தத் திருகுகளைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக, பொம்மை கிடைத்த பிள்ளை மாதிரி இருந்தார்.

அதன் பிறகு என் பாடு. சடையோடு தலை உள்ளே போகவில்லை. நடுக்கடையில் வைத்து ரிப்பனை அவிழ்த்து, சடையைப் பிரித்து, எண்ணெய் முடியை அப்பாவே கையால் அழுத்திவிட்டு மாட்டினார். வார் கட்டி இழுத்துப் பார்த்தார். உள்ளே விரலை விட்டுப் பஞ்சை அமுக்கிப் பார்த்தார். தேங்காயைத் தட்டுகிற மாதிரி தட்டிக் காதை வைத்துக் கேட்டார். அதிலும் திருப்தி வராமல் கடைக்காரரிடம் எடைக்கல் ஒன்றை வாங்கி என் உச்சியில் டொக்கென்று போட்டு, வலிக்கா என்று கேட்டார். வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டத்தில் என் வகுப்புப் பையன் ஒருவன் நின்றிருந்தான். பெரிய ஆளுக்கு ஒரு விரல் கூடுதலாக இடம் வேண்டுமே அண்ணாச்சி என்று கடைக்காரர் சொன்னதை அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. தலைப்பாகையே சொல்லிவிட்டது என்றார்.

கொஞ்ச நேரம் போட்டிருந்தால்தான் காது நோகுமா என்று தெரியும் என்று வீடு வரைக்கும் என்னைக் கழற்ற விடவில்லை. டவுன் பஸ்ஸில் தலைவிரி கோலமாக, ஆரஞ்சு மண்டையோடு உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் வந்து, தலைக்குத் தனி டிக்கெட் போடணுமே அண்ணாச்சி என்றார். பஸ்ஸே சிரித்தது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். நான் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே அழுதேன்.

கார்த்திகையில் புயல் மழை வந்தது. உப்பளத்துக்குள் வெள்ளம் புகுந்து, ஓலை மட்டும் மிதந்தது. அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து, கை கால் கழுவாமல் கடையில் வெறுமனே உட்கார்ந்திருந்தார். மோட்டார் சைக்கிளும் அந்த உப்போடு கரைந்துபோயிற்று.

பொங்கல் வந்தது. தலைப் பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் பொங்கல்படி, அதாவது சீர், கொண்டுபோக வேண்டும். பானை, பச்சரிசி, கருப்பட்டி, மஞ்சள் குலை, கரும்பு, பனங்கிழங்கு எல்லாம் கடன் சொல்லாமல் எடுத்துவிட்டார் அப்பா. கடைசியில் பீரோ மேலிருந்த ஹெல்மெட்டை எடுத்து ஒரு தாம்பாளத்தில் வைத்தார். அம்மா வேண்டாம் என்று கெஞ்சினாள். வண்டி இல்லாமல் இது மட்டும் போனால் நம்மை நாமே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும் என்றாள். வெறுங்கையாகப் போவதைவிட இது மேல், நான் மறக்கவில்லை என்றாவது தெரியட்டும் என்றார் அப்பா. அம்மா வேறு வழியில்லாமல் ஹெல்மெட்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.

அக்காவின் மாமியார் அந்தத் தாம்பாளத்தை வாங்கி, தெரு ஜனம் முன்னால் ஹெல்மெட்டைத் தூக்கிப் பார்த்து, அடியிலும் பார்த்தாள். தொப்பி வந்துட்டு, வண்டி எங்க என்று சிரித்தபடிதான் கேட்டாள். அப்பாவின் மானம் அங்கேயே கப்பலேறிவிட்டது. தை முடிவதற்குள் அக்கா துணிப்பையோடு வந்து இறங்கினாள். உங்க அப்பா சொன்னது என்னாச்சு என்று கேட்டுட்டு வா என்று மாமியார் அனுப்பியிருந்தாள். கேட்டுவிட்டு எப்போது திரும்பி வர வேண்டும் என்று சொல்லவில்லை. அத்தான் வேலைக்குப் போயிருந்த நேரம். வண்டி வராமல் தனக்கு அங்கே வாசல் இல்லை என்று அக்காவுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம், ஏளா, எப்ப வந்த, எப்ப போற என்று விசாரித்தார்கள். அக்கா கடை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு, போகணும் என்று மட்டும் சொல்லுவாள்.

அந்த வாரத்திலேதான் அத்தான் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் போக ஆரம்பித்தார்.

முதல் நாள் நாங்கள் நம்பவில்லை. எங்கள் பக்கம் உப்பளம், மரம் மட்டை கிடையாது, தூரத்தில் வரும்போதே அந்த ஆரஞ்சு மண்டை தெரியும். தாடையை மாட்டி, கண்ணாடியை இறக்கி, வெயிலில் நிமிர்ந்து உட்கார்ந்து மிதித்துக்கொண்டு வந்தார். எங்கள் கடை முன்னால் வந்ததும் வேகம் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. சாயங்காலம் அதே மாதிரி திரும்பிப் போனார். மறுநாளும் போனார். டீக்கடையில் அவர் வரும் நேரத்துக்கென்றே ஆட்கள் உட்கார ஆரம்பித்தார்கள். வண்டி தராத மாமனாரை ஊருக்கே காட்டிக் கொடுக்கிறான் என்று பேசினார்கள். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். அந்த நேரம் வந்தால் எழுந்து உள்ளே போய், பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார். யாராவது சாமான் கேட்டால் என்னைக் கொடுக்கச் சொல்லுவார். அப்பா ஒளிந்து நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அது பொறுக்கவே இல்லை.

பள்ளிக்கூடத்தில் நான் போனால் பையன்கள் வாயாலேயே டுர்ரென்று மோட்டார் ஓட்டினார்கள். கப்பல் சாமான் கடையில் என்னைப் பார்த்தவன், அது முதலில் இவள் தலைக்குத்தான் எடுத்தது என்று சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு நான் தலை நிமிர்ந்து நடக்கவில்லை. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் என்று வரும். எல்லாக் கோபமும் அத்தான் மேல் திரும்பியது. ஒருநாள் சாயங்காலம் அவர் வருகிற நேரம் பார்த்து, கடையைத் தாண்டிப் பாலத்துப் பக்கம் போய் நடுரோட்டில் நின்றேன். அவர் பிரேக் பிடித்து இறங்கினார்.

"இந்த ரோட்டு வழியா வராதீங்க அத்தான்" என்றேன். "எங்களுக்கு வெக்கமா இருக்கு."

அவர் கண்ணாடியைத் தூக்கினார். முகம் பூரா வியர்வை. கண்ணுக்குள் இறங்கியதைத் துடைக்க முடியாமல் சிமிட்டினார்.

"எனக்கும்தான் இருக்கு. ஏளா, இன்னும் கொஞ்ச நாளு பொறுத்துக்க."

அவ்வளவுதான். கண்ணாடியை இறக்கிவிட்டு ஏறிப் போய்விட்டார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வெட்கமாக இருந்தால் கழற்றிவிட வேண்டியதுதானே என்று ரோட்டில் நின்று திட்டினேன்.

அவர் வீட்டில் என்ன நடந்தது என்பதை, அக்கா இரண்டு பிள்ளை பெற்றபிறகு ஒருநாள் சொன்னாள். அந்தத் தெருவிலும் சிரிப்பாய்ச் சிரித்திருக்கிறார்கள். மகனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது, மாமனார் வீட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் அலைகிறான் என்று குழாயடியில் மாமியார் காதில் விழும்படியே பேசியிருக்கிறார்கள். அவள் கழற்றச் சொல்லிக் கெஞ்சினாளாம், அழுதாளாம், ஒருநாள் சோறு போடாமலும் இருந்து பார்த்தாளாம். அத்தான் சொன்னது இதுதான்: "அவங்க தந்ததை நான் போட்டுட்டுப் போறேன். தராததை நீ பேசிட்டுக் கிடக்க. நீ பேச்சை விட்டுட்டு அவளைப் போய்க் கூட்டிட்டு வா, நான் இதைக் கழட்டுதேன்." தாயை எதிர்த்து ஒரு சத்தம் போடவில்லை. ஊர்ச் சிரிப்பு முழுவதையும் தன் தலையில் வாங்கி, அதைக் கொண்டுபோய் அவள் வாசலில் இறக்கியிருக்கிறார். பெற்றவளால் எத்தனை நாள் தாங்க முடியும்.

இதெல்லாம் தெரியாத ஒரு சாயங்காலம், அக்காவின் மாமியார் பூவும் பழமுமாகப் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். பின்னாலேயே அத்தான் சைக்கிளில், தலையில் அதே ஆரஞ்சோடு வந்தார். அம்மா பதறிப்போய் நாற்காலியைத் துடைத்தாள். அப்பா பருப்பு மூட்டைக்குப் பக்கத்திலிருந்து வெளியே வந்து, சம்பந்தி முகத்தைப் பார்க்காமல், அந்த வண்டி விஷயம் என்று ஆரம்பித்தார். அத்தான் அவரை முடிக்க விடவில்லை. வாரை அவிழ்த்து, ஹெல்மெட்டைக் கழற்றி, தன் தாய் முன்னால் கடை மேசையில் வைத்தார்.

"இதே போதும் மாமா. தலைக்கு ரொம்ப சௌகரியமா இருக்கு. இனிமே நீங்க எனக்கு ஒண்ணும் தர வேண்டாம்."

மாமியார் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, ஆமா என்றாள். அக்கா உள்ளே ஓடிப் பையை எடுத்தாள். அப்பா தோள் துண்டை எடுத்து, சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றியில் ஒரு காதிலிருந்து மறு காது வரை கயிற்றால் இறுக்கின மாதிரி சிவந்த கோடு பதிந்திருந்தது. காதுக்கு மேல் தோல் வழன்று, சில இடத்தில் புண் காய்ந்திருந்தது. அவர் தலை என் தலையைவிடப் பெரிசு. அன்றைக்குத் தலைப்பாகை அசையாமல் நின்றது என் சடைப் பருமனில்தான். ஹெல்மெட் அவருக்கு ஒருநாளும் சேரவே இல்லை. எங்களை அவ்வளவு கேவலப்படுத்தியதற்கு இது நல்லா வேணும் என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.