நாலு ஞாயிற்றுக்கிழமை

ஆப்பிரிக்காவுக்குப் பனியன் விற்கப் போன முதல் ஆள் தன் தம்பிதான் என்று அம்மா சொல்லித் திரிந்தாள். எங்கள் தெருவில் அவர்தான் முதல் ஆள். அம்மாவுக்கு உலகம் அவ்வளவுதான்.

கல்யாணமாகாத அந்த மாமா எங்களோடு இருந்துகொண்டு, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் முதலாளி ஒரு பெட்டி சாம்பிளைக் கொடுத்து அவரை நைஜீரியாவுக்கு அனுப்பினார். அங்கே மலேரியா ஆளைக் கொல்லும் என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி ஞாயிறுதோறும் போட வேண்டும். திரும்பி வந்த பிறகும் நாலு ஞாயிறு.

மிட்டாய் என்று சொல்லி ஒன்றை என் நாக்கில் வைத்தார் மாமா. வேப்பங்கொழுந்தே தேவலை. நான் துப்பித் துப்பி அழ, அவர் சிரித்தார்.

"வந்த பொறகு நீதான் ஞாபகப்படுத்தோணும் கண்ணு. நான் மறந்துருவேன்."

எட்டு வயதில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது.

ஒரு மாதம் கழித்து ஒரு தும்மல்கூட இல்லாமல் வந்து சேர்ந்தார். அம்மா வேண்டியிருந்தபடி சிவன்மலைக்குக் கூட்டிப்போய் மொட்டை போட்டோம். வேண்டுதல் முடிந்துவிட்டால், மீந்த மருந்தை வீட்டில் வைக்கக் கூடாது. மருந்து மிச்சமிருந்தால் நோயும் மிச்சமிருக்கும் என்பது அம்மாவின் சாஸ்திரம்.

"டாக்டரு நாலு வாரம்னு சொன்னாருங்கக்கா" என்று மாமா முனகினார்.

"ஆப்பிரிக்காக் கொசு ஏரோப்ளேன்ல ஏறி வருதா? சாமி கொண்டாந்து சேத்தீருச்சு. இன்னும் மாத்தரை தின்னா சாமிய நம்புலீன்னு ஆயிரும்."

அக்கா பேச்சுக்கு அவர் மறுபேச்சு பேசியதில்லை. கசப்பு விட்டதே என்று அவருக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். அம்மா மாத்திரை சீசாவை என்னிடம் கொடுத்தாள். முச்சந்திச் சாக்கடையில் சாயத் தண்ணீர் நீலமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகப் போட்டேன். மாமாவைக் காப்பாற்றிவிட்ட பெருமை எனக்கு.

மூன்றாவது ஞாயிறு அவருக்குக் குளிர் எடுத்தது. இரண்டு கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடியது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நினைவில்லாமல் பிதற்றினார்.

"வெளிநாட்டிலிருந்து வந்த பிறகும் மாத்திரை போட்டாரா?" என்று கேட்டார் அங்கிருந்த டாக்டர்.

"போட்டாருங்க. ஒரு வாரங்கூடத் தவறலீங்க" என்றாள் அம்மா.

நான் வாயைத் திறந்தேன். அவள் என் கையை அழுத்தினாள். தவறாமல் போட்டவருக்கு மலேரியா வராது என்று டாக்டர் டைபாய்டுக்கு மருந்து கொடுத்தார். ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கலாம் என்று இன்னொருவருக்குத் தோன்றுவதற்குள் மூன்று நாள் ஓடிவிட்டது. காய்ச்சல் மூளைக்கு ஏறியிருந்தது.

கொசு அங்கேயே கடித்துவிட்டது, நோய் ஈரலில் ஒளிந்து அவரோடு வந்து சேர்ந்தது, அது வெளியே தலைகாட்டும்போது பிடிக்கத்தான் அந்த நாலு ஞாயிறு என்பதெல்லாம் பெரியவளாகிப் படித்துத் தெரிந்துகொண்டது.

துக்கத்துக்கு வந்தவர்கள் மாத்திரையைத் திட்டித் தீர்த்தார்கள். "இங்கிலீஸ் மருந்து என்னத்தக் காப்பாத்துச்சு?" என்றார்கள். அம்மாவும் ஆமாங்க என்று தலையாட்டினாள். அவளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை, என்னையும்தான்.

ஆஸ்பத்திரியில் அவள் கையை அழுத்தியபோது, மாத்திரையைச் சாக்கடையில் போட்டதற்கு எனக்கு அடி விழாமல் காப்பாற்றுகிறாள் என்றுதான் நினைத்தேன். நன்றியோடு அவள் மடியில் சாய்ந்துகொண்டேன்.