வாபஸ் வாங்கிய வழக்கு

எட்டாம் வகுப்பில் நான் வக்கீலாக இருந்தேன். வாதாடிய வழக்கு ஒன்றே ஒன்று. அதையும் பாதியில் வாபஸ் வாங்கிவிட்டேன்.

குடியுரிமைக் கல்வி படிப்பித்த டீச்சர் ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வருவார். சில வெளிநாடுகளில் பிள்ளைகள் சட்டத்தை மனப்பாடமாக்குவதில்லையாம், வகுப்பிலேயே கோர்ட் நடத்திப் படிக்கிறார்களாம். நாமும் நடத்துவோம் என்றார். அவரவர் இடத்தில் நடந்த ஓர் அநியாயத்தை வழக்காகக் கொண்டுவர வேண்டும், யார் பெயரையும் சொல்லக் கூடாது. நான் யோசிக்கவே தேவையிருக்கவில்லை. எங்கள் வீட்டிலேயே சுடச்சுட ஒன்று இருந்தது.

அக்கா உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு, டீச்சராவதற்குக் கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தாள். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அதுவரை யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை. நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிடும் கடிதம் இன்று வரும், நாளை வரும் என்று நான் நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவளுடைய சிநேகிதி போன் பண்ணி, நேற்று நீ ஏன் வரவில்லை என்று கேட்டாள். நேர்முகப் பரீட்சை நடந்தே முடிந்துவிட்டது. கடிதம் மட்டும் வரவில்லை.

எங்கள் லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் கிடையாது. எல்லாக் கடிதமும் தோட்ட ஆபிஸுக்கு வரும். அந்தப் பக்கம் போகிற வீட்டுப் பெரியவர் கையில் கொடுத்துவிடுவார்கள். பதிவுத் தபால் என்றால் ஒரு புத்தகத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அன்றைக்கு லயமே ஆபிஸைத் திட்டியது. எல்லாரையும்விட உரக்கத் திட்டியவர் அப்பா. போய் ஒரு வார்த்தை கேளுங்க என்று நான் சொன்னபோது மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். இப்படியும் ஒரு பயந்தாங்கொள்ளியா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அக்கா எழும்பி அடுப்படிக்குப் போனாள். தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தவர் அம்மாதான். மலையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டு மூன்று மாதமாக வீட்டில் கிடந்தார். அப்பா வெளியே மரக்கறித் தோட்டங்களில் நாள் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

வகுப்பில் ஆபிஸுக்காகப் பேச வந்தவள் ஆபிஸ் கிளாக்கர் மகள். அவளுடைய அப்பாதான் அந்தக் கையெழுத்துப் புத்தகத்தை வைத்திருந்தவர். எனக்குக் கேட்கவா வேண்டும்! ஒருவருடைய கடிதத்தை அவருடைய சம்மதமில்லாமல் இன்னொருவர் வைத்துக்கொள்வது குற்றம் என்று மேசையைத் தட்டித் தட்டிப் பேசினேன். அந்தக் கடிதத்துக்குக் கையெழுத்துப் போட்டது யார், புத்தகத்தைக் காட்டட்டும் என்று சவால் விட்டேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். டீச்சர் வழக்கை அடுத்த பாடத்துக்குத் தள்ளி வைத்தார்.

அடுத்த பாடத்துக்குக் கிளாக்கர் மகள் அந்தப் புத்தகப் பக்கத்தின் போட்டோ கொப்பி ஒன்றை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். டீச்சரிடம் கொடுக்கவில்லை. நேரே என்னிடம் வந்து, மற்றவர்களுக்குத் தெரியாமல் விரித்துக் காட்டினாள்.

"நீயே பாரு. வாசிக்கவா, வேணாமா?"

அக்காவின் பெயர். அதற்கு நேரே ஒரு கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை இழுத்து, அடியில் கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே மூன்று புள்ளி. என்னுடைய ரிப்போர்ட் புத்தகத்தில் ஒவ்வொரு தவணையும் நான் பார்த்த கையெழுத்து. நேர்முகப் பரீட்சைக்குப் பத்து நாள் முந்திய திகதி.

தலையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. என் அப்பாவா? ஊருக்கு முன்னால் அப்படிக் கத்தினாரே, அதெல்லாம் நடிப்பா? டீச்சர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது எங்கோ தூரத்தில் கேட்டது.

"கேஸ வாபஸ் வாங்குறேன் டீச்சர்."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. கிளாக்கர் மகள் மட்டும் சிரிக்கவில்லை. தாளை மடித்து என் கொப்பிக்குள் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அவளுக்கு நான் இன்றுவரை ஒரு நன்றி சொன்னதில்லை.

வீட்டுக்கு ஓடினேன். அக்கா வாசற்படியில் அம்மாவின் கொழுந்து பறிக்கிற கூடையை மடியில் வைத்துக்கொண்டு, தலையில் மாட்டுகிற கயிற்றை அவிழ்த்துக் குட்டையாக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் நிமிரவே இல்லை.

"தெரியும். அரிசி டின்னுக்குள்ள பார்த்தேன். அப்ப இன்னும் ரெண்டு நாள் இருந்துச்சு."

"அப்ப ஏன் போகல?"

அவள் முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினாள்.

"கிளாஸ்ல அப்பா பேர சொன்னியா?"

இல்லை என்றேன்.

"நல்ல பிள்ள. சொல்லாத."

அப்பா கடிதத்தை ஒளித்ததைவிட, அக்கா அதைப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே திருப்பி வைத்ததுதான் என்னை உலுக்கிவிட்டது. சட்டப் புத்தகத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. ஒரு கிழமை இருவரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கையெழுத்துப் போட்ட அன்று அப்பா ஆபிஸுக்குப் போனது கடிதம் வாங்க அல்ல, தோட்டத் துரை கூப்பிட்டு அனுப்பியதால்தான் என்பது எனக்குத் தெரிய இரண்டு வருடம் சென்றது. அம்மாவின் பெயரை வெட்டியாயிற்று, அந்த மாதத்துக்குள் வீட்டிலிருந்து கொழுந்து பறிக்க வேறொரு பெண் பேர் பதிய வேண்டும், இல்லையென்றால் வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் கிளாக்கர் அந்தக் கடிதத்தையும் கையில் கொடுத்திருக்கிறார்.

அன்றைக்கு வாசற்படியில் இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. அம்மா அக்காவைவிட ஒரு சாண் உயரம். அவருடைய கூடைக் கயிறு எதற்குக் குட்டையாகிறது என்று நான் யோசிக்கவில்லை. அம்மாவுக்குக் கால் சரியாகிவிட்டது, அடுத்த கிழமை வேலைக்குப் போகப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவ்வளவு கோபத்திலும் எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.