மழையில் மடக்காத குடை

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இன்று கீழ் கோத்தகிரிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். தம்பிதான் எழுத வேண்டும் என்று அக்காவின் பிள்ளைகள் சொன்னார்கள். சுருக்கமாக எழுதுகிறேன்.

அக்கா இங்கே தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் பிறந்தார். அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மாவுக்கு மூச்சிரைப்பு. அக்கா பள்ளியை நிறுத்திவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனார். அந்த உழைப்பில்தான் நான் வளர்ந்தேன்.

பள்ளி நின்றாலும் படிப்பு நிற்கவில்லை. ஞாயிறு லீவில் கோத்தகிரி மார்க்கெட்டுக்குப் போவார். காய் வாங்கிய பையோடு நூலகத்தில் உட்கார்ந்துவிடுவார். சுதந்திரப் போராட்டம் பற்றிய புத்தகங்கள் என்றால் உயிர். படித்ததை மறுநாள் தேயிலைக் காட்டில் டீ குடிக்கும்போது மற்றப் பெண்களுக்குச் சொல்வார்.

"வெள்ளக்காரன்கிட்ட பீரங்கி இருந்துச்சு. நம்மாளுககிட்ட என்ன புள்ள இருந்துச்சு?" என்று ஒரு முறை பக்கத்து வீட்டுச் சரசக்கா கேட்டார்.

"யோசன இருந்துச்சுங்க்கா."

"யோசனைய வெச்சுச் சுடவா முடியும்?"

"சுட வேண்டாங்க்கா. எல்லாத்துக்கும் தலையாட்டாம இருந்தாப் போதும்."

அக்கா சொன்னது இதுதான். கொஞ்சம் பேர் வந்து இத்தனை கோடிப் பேரை ஆள முடியாது. ஆளப்படுகிறவன் சம்மதித்தால்தான் ஆள முடியும். இதை மேல்நாட்டில் சிலர் முன்பே யோசித்தார்கள். எல்லா உயிரும் ஒன்று என்பது நம் வேதாந்தம். எந்த உயிரையும் நோகடிக்காதே என்பது சமணம். நம் சுதந்திரப் போராட்டத்தில் இவையெல்லாம் ஒன்றாகக் கலந்தபோது படிக்காத ஜனங்களுக்கும் பயம் விட்டது. கையில் ஆயுதம் இல்லாமல் ஜெயிலுக்குப் போனார்கள். உண்மையை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரன் போனான்.

போனவன் ஒரு பழக்கத்தை எங்கள் எஸ்டேட்டில் விட்டுப் போயிருந்தான். மேனேஜரைத் துரை என்போம். துரை ஜீப் வந்தால், கொட்டுகிற மழையிலும் குடையை மடக்கிக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். சுதந்திரக் கொடி ஏற்றி மிட்டாய் வாங்கிய பிறகும் மடக்கினோம். நானும் மடக்கியிருக்கிறேன்.

ஒரு நாள் காலை மழை. ஜீப் வந்தது. எல்லாக் குடையும் மடங்கியது. அக்கா குடை மடங்கவில்லை.

"குடைய மடக்கு புள்ள" என்றார் மேஸ்திரி.

"மழ பேயுதுங்களே மேஸ்திரி" என்றார் அக்கா. ஜீப்பைப் பார்த்து, "வணக்கமுங்க" என்று தலையசைத்தார். குரலில் கோபம் இல்லை.

மறுநாள் காலை வேலைக்குப் பேர் கூப்பிடும் மஸ்டரில் மேஸ்திரி எல்லார் பேரையும் கூப்பிட்டார். அக்கா பேரை மட்டும் விட்டுவிட்டார். பேர் இல்லை என்றால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் லைன் வீடும் இல்லை.

"ஊட்ட உட்டுத் தொரத்தீருவாங்க. தம்பியக் கூட்டிட்டு எங்கடி போறது? ஒருக்கா மடக்கீட்டு வந்துரு" என்று அம்மா அழுதார்.

"இன்னிக்கு மடக்குனா, சாகுற வரைக்கும் மடக்கோணும்மா."

அக்கா தினமும் மஸ்டருக்குப் போனார். பேர் வராது. நின்றுவிட்டுத் திரும்புவார்.

பெண்களுக்குப் பொறுக்கவில்லை. ஒரு காலை ஜீப் வந்தபோது எல்லாரும் சேர்ந்து குடையை விரித்தார்கள். அன்று மழை இல்லை. பளிச்சென்று வெயில். துரை முகம் சிவந்தது. ஓட்டுநர் சிரிப்பை அடக்கினார். அக்கா அவர்கள் முன்னால் போய் நின்றார்.

"மடக்குங்க எல்லாரும்."

"உனக்காகத்தான புள்ள விரிச்சோம். வெயிலுக்குக் குடை புடிக்கக் கூடாதா?" என்றார் சரசக்கா.

"இதுக்கு முன்னால என்னிக்காவது வெயிலுக்குப் புடிச்சிருக்கீங்களா?"

சரசக்கா குனிந்து குடைக் காம்பைத் திருகினார்.

"அப்பறம் இது பொய்தானுங்க்கா. மனுசனக் கேலி பண்றதுக்கு நான் நிக்கல. மழ வரட்டும்."

முணுமுணுத்துக்கொண்டே மடக்கினார்கள். துரை ஜீப்பில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டார். வண்டியை எடுக்கச் சொன்னார்.

பிறகு மழை வரவில்லை. ஐப்பசி மாதம், வர வேண்டிய மழை. வீட்டில் அரிசி குறைந்தது. "உங்க அக்கா வருண பகவானையும் ஸ்ட்ரைக் பண்ண வெச்சிட்டா" என்று தேயிலை ஃபேக்டரிப் பக்கம் போனால் என்னைக் கிண்டல் செய்தார்கள். அக்கா மட்டும் தினமும் குடையோடு போய் நின்றார்.

கடைசியில் ஒரு காலை விடியும்போதே பிடித்தது மழை. மஸ்டருக்கு ஜீப் வந்தது. ஒரு குடையும் மடங்கவில்லை. மேட்டில் இருந்து பார்த்தேன். பாதை முழுக்கக் கறுப்புக் குடை. பாதிக் குடைகளில் கம்பி உடைந்திருந்தது.

துரை இறங்கினார். அவரிடம் குடை இல்லை. நனைந்துகொண்டே நின்றார். அக்கா நடந்து போய்த் தன் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தார். துரை அக்காவைப் பார்த்தார். பிறகு மேஸ்திரியிடம், "பேர் கூப்பிடுங்க. இவங்க பேர்ல இருந்து ஆரம்பிங்க" என்றார்.

அதற்குப் பின் எங்கள் எஸ்டேட்டில் யாரும் யாருக்காகவும் குடை மடக்கவில்லை. நாடு சுதந்திரம் வாங்கியதை அக்கா புத்தகத்தில் படித்தார். நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

அக்கா ரிட்டயர் ஆகும் வரை பறித்தார். மச்சானோடு நிறைவாக வாழ்ந்தார். மகளை நர்ஸ் ஆக்கினார், மகனை வாத்தியார் ஆக்கினார். கடைசி மாதங்களில் நுரையீரல் கெட்டுப் படுத்தபோதும் முனகவில்லை.

கஞ்சி வைத்து ஊட்டிய சரசக்காவுக்கும், ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டிய பிக்கட்டி ஊர் மாப்பிள்ளைக்கும், தோள் கொடுத்த லைன் பையன்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இப்போதைய மேனேஜருக்கும் நன்றி. சின்ன வயதுக்காரர். பழைய கதை எதுவும் தெரியாது. அக்காவை எடுத்த அன்று நல்ல மழை. மாலையோடு வந்தவர், அக்காவின் முன்னால் மரியாதைக்காகக் குடையை மடக்கினார்.

"விரிச்சுக்கோங்க சார்" என்றேன். "மழ பேயுது."

விரித்துக்கொண்டார். நாங்களும் விரித்த குடைகளோடுதான் அக்காவைக் கொண்டுபோனோம்.