அடியில் 308, கழுத்தில் ஏழு மிமீ

சுட்ட துப்பாக்கி ரவையின் வெற்றுக் கோதைக் கையில் எடுத்தால் முதலில் சூடு. பிறகு எரிந்த வெடிமருந்தின் மணம்... வெரிபீ என்ற ஊருக்கு அப்பால் ஒரு சின்ன ரைபிள் கிளப். என் சனிக்கிழமைகள் அங்கேதான் போயின.

மெக்கானிக்கல் முடித்து முதல் வேலையில் இருந்த காலம். என்னிடம் இருந்தது ஒரு பழைய துவக்கு, 7மிமீ-08 ரவை போடும் ரைபிள். அதற்கு வெற்றுக் கோது கடையில் இலேசில் கிடைக்காது. 308 கோதோ ரேஞ்சில் குப்பையாகக் கிடக்கும். இரண்டும் ஒரே குடும்பம், கழுத்தின் அகலம்தான் வேறு. பொறுக்கி வந்து, கழுத்தை ஒடுக்கி, மருந்து நிரப்பி, முனையில் 7மிமீ சன்னம் போட்டுச் சுடுவேன்.

ஃபாக்டரி கிளாஸ் போட்டி. கம்பனிகள் விற்கும் ரவை வகைகளுக்கு மட்டும்.

முதலிடம் வந்தேன். என் முதல் வெற்றி!

இரண்டாமிடம் எங்கள் கிளப்பின் பழைய ஆள், குமார் அங்கிள். குனிந்து என் கோது ஒன்றை எடுத்தார். அடியில் 308 என்று முத்திரை.

“தம்பி, இது வைல்ட்கேட். நீ வீட்டில செய்தது. இந்தக் கிளாசுக்குள்ள வராது.”

“வீட்டில சுட்டா தோசை வேற சாமானா அங்கிள்?”

“அப்ப எதடா வைல்ட்கேட்?”

“ஒரு கம்பனியும் அந்த அளவில ரவை செய்து விக்கிறேல்ல. அளவு எந்த ஸ்டாண்டர்டிலயும் பதிவில்ல. சுடும், ஆனா பேப்பர் இல்ல. அதுதான் வைல்ட்கேட். 7மிமீ-08உம் ஒரு காலத்தில அப்பிடித்தான். பிறகு ஒரு கம்பனி எடுத்து, பதிஞ்சு, பெட்டியில போட்டு வித்துது.”

“அதுக்கு நிரந்தர விசா, பி.ஆர். கிடைச்சிட்டுது எண்டு சொல்லு.”

“ஓம், அதேதான்!”

“விசாக் கதையால என்னை மடக்கேலாது. நான் விசா இல்லாமப் படகில வந்தவன்.”

நடுவர் பிரெட் வந்தார். வைல்ட்கேட் என்றால் என் வெற்றி ரத்து. தன்னிடமிருந்த கடைப் பெட்டியிலிருந்து ஒரு 7மிமீ-08 ரவையை என் துவக்கில் போட்டார். ரவை சரியாக உட்கார்ந்து, போல்ட் சுகமாகப் பூட்டியது. சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

அங்கிள் விடவில்லை. “உள்ள போனாப் போதுமா? சேம்பரைப் பெருப்பிச்சு வெட்டினாலும் கடை ரவை போகும். சுட்டுப் பாக்கச் சொல்லு.”

எரிச்சல்தான். ஆனால் மனிதர் சொன்னது சரி. ரவை உட்காரும் சேம்பரைப் பெருப்பித்திருந்தால், சுட்டதும் கோதின் கழுத்துக்குக் கீழுள்ள தோள் உப்பி வேறு வடிவத்தில் வெளியே வரும்.

“சுடட்டும்” என்றேன்.

பிரெட் சுட்டார். சூட்டோடு வந்த கோதை, சுடாத ரவைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அதே தோள். அதே சரிவு.

“ரிசல்ட் ஸ்டாண்ட்ஸ், மேட்!” வெற்றி எனக்கே.

அடக்கமாக நின்றேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். “பாத்தீங்களா அங்கிள்!” என்று கத்தியது கார் பார்க் வரை கேட்டிருக்கும்.

“ஓமடா, ஓம். கத்தாத. போய் மெடலை வாங்கு.”

இப்போது நான் சுடுவது உண்மையான வைல்ட்கேட். அளவு நானே வரைந்தது, சேம்பர் துவக்கு வேலை செய்யும் கன்ஸ்மித் வெட்டியது. எந்தக் கடையிலும் அந்த ரவை இல்லை. எந்த ரவையும் செல்லும் ஓபன் கிளாசில் அடிக்கடி வெல்கிறேன். கை தட்டுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள்...

ஒருவரும் குமார் அங்கிளைப் போலக் குனிந்து என் கோதை எடுத்துப் பார்ப்பதில்லை.