சமயநல்லூர் மாங்காயும் ஒரு சீன மரபுத்தொடரும்

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவி செல்வியும் ஆனையூரிலிருந்து சமயநல்லூருக்குப் போனோம். அவள் தங்கை அங்கே புது வீடு கட்டியிருக்கிறாள். எட்டு கிலோமீட்டருக்கெல்லாம் பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். டயாலிசிஸ் தொடங்கிய பிறகு ஆஸ்பத்திரி தவிர செல்வி வெளியே கிளம்பியது அன்றுதான். நாள் முழுவதற்கும் அரை லிட்டர் தண்ணீர்தான் அவளுக்கு அளவு. சித்திரை வெயிலில் அது கொடுமை.

ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய். வழியெல்லாம் அவள் உதட்டை நனைத்துக்கொண்டே வந்தாள். பேச்சை மாற்ற, கப்பலூரில் எங்கள் கம்பெனிக்கு மெஷின் மாட்ட வந்த சீன இன்ஜினியர் சொல்லித்தந்த மரபுத்தொடரை எடுத்துவிட்டேன். ‘வாங் மெய் ஜி கெ.’ மெய் என்பது புளிப்பான ஒரு பழம். அதைப் பார்த்தே தாகம் தணிப்பது என்று பொருள். பழங்காலத்தில் தண்ணீர் இல்லாத வழியில் ஒரு படை தவித்ததாம். முன்னால் பெரிய மெய்த் தோப்பு காய்த்துக் கிடக்கிறது என்றாராம் தளபதி. கேட்டவர்களுக்கு வாயூறியது. அந்தத் தெம்பிலேயே நடந்து, தண்ணீர் இருக்கும் இடத்தை அடைந்துவிட்டார்கள். இன்றைக்கு, வெறும் நினைப்பிலேயே ஆறுதல் தேடுகிறவர்களைப் பற்றி இப்படிச் சொல்கிறார்களாம்.

“தோப்பு நெசமாவே இருந்துச்சா?” என்றாள் செல்வி.

“இல்ல. புளுகு.”

“நம்மூரு கட்சிக்காரரு மாதிரில்ல இருக்கு, அண்ணே!” என்று சிரித்தார் ஆட்டோக்காரர்.

வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் தங்கையின் மாமியார் சொம்பு நிறையத் தண்ணீரோடு வந்துவிட்டார். எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர்தான். வாங்கிக் குடிக்காவிட்டால் ஏதோ மனத்தாங்கல் என்று எடுத்துக்கொள்வார்கள். தன் நோயைப் பற்றி மாமியார் வீட்டில் மூச்சு விடக்கூடாது என்று செல்வி தங்கையிடம் சொல்லி வைத்திருந்தாள். சொம்பை வாங்கியவள் குடிக்காமல் அப்படியே நின்றாள்.

“ஏத்தா, எங்க வீட்டுத் தண்ணி ஆகாதாக்கும்?”

“எந்த வீட்டுத் தண்ணியும் ஆகாது அத்தை. எனக்குக் கிட்னி போயிருச்சு” என்று சொல்லி அழுதுவிட்டாள்.

அந்த அம்மா சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய மாங்காய்ப் பத்தைகளோடு திரும்பினார். “இதக் கடி. தாகம் அடங்கும்.”

“மாங்காயும் உப்பும் இவளுக்குக் கூடாதுங்க” என்றேன் பதறி.

அந்த அம்மா தானே ஒரு பத்தையைக் கடித்தார். “அப்பன்னா நீ பாரு தாயி” என்று புளிப்பில் கண்ணை இறுக்கி, நாக்கைச் சப்புக்கொட்டினார். செல்விக்கு வாயூறிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அவள் சிரித்து எம்புட்டு நாளாயிற்று! அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

இப்படி ஒருவரை அழைத்துப் போகிறவர்கள் வெயில் ஏறுமுன் கிளம்புங்கள். டயாலிசிஸுக்கு மறுநாளாக இருந்தால் நல்லது. போகிற வீட்டுக்கு முன்னாடியே போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

திரும்பும்போது செல்வி கேட்டாள்: “மாத்துக் கிட்னி கெடைச்சிரும், கெடைச்சிரும்னு தெனமும் சொல்றீகளே, அதுவும் தோப்புதானா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “தெரியல செல்வி” என்றேன்.

அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு, “பரவால்ல, சொல்லிக்கிட்டே வாங்க” என்றாள்.