வெர்னெல் எந்த மாநிலத்துக்காரி?

டெக்ஸார்கானாவில் நடுத்தெருவுக்கு இந்தப் பக்கம் டெக்ஸஸ், அந்தப் பக்கம் ஆர்க்கன்ஸா. ஊர்க்காரர்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வெர்னெல் ஆக்ஸ்லி டெக்ஸஸில் பிறந்தாள், ஆர்க்கன்ஸாவில் ஞானஸ்நானம் பெற்றாள், பள்ளிக்கூடச் சமையலறையில் சோள ரொட்டி சுட்டே தலை நரைத்தாள். லானியைக் கட்டிக்கொண்டு டெக்ஸஸ் பக்கம் ஒரு பெக்கான் மரத்தடி வீட்டில் குடியேறினாள். எல்லைக்கோடு அவள் வாழ்க்கையில் ஒரு நாளும் குறுக்கே வந்ததில்லை.

போன வசந்தத்தில், ஆர்க்கன்ஸா பக்கத்துத் தெருமுனையில், டெக்ஸஸ் கம்பெனி லாரி ஒன்று லானியை அடித்துக் கொன்றுபோட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் தனியாக இருக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. தங்கை ஐடெல் வந்து, ஆர்க்கன்ஸா பக்கம் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே வெர்னெல் மத்தியானமெல்லாம் படுத்தே கிடந்தாள். பாதித் தூக்கத்தில் பெக்கான் இலைகள் கூரையில் உரசும். அடுக்களையில் லானி வேர்க்கடலை அவித்துக்கொண்டிருப்பான். உப்பு வாசனை கட்டில்வரை வரும். கண்ணைத் திறந்தால் வேறு கூரை. எந்த வீடு என்று விளங்கவே கொஞ்ச நேரமாகும். "கனவுலயே குடித்தனம் நடத்துறியாக்கா?" என்பாள் ஐடெல். வெர்னெலுக்குக் கோபம் வராது. அங்கேதான் நன்றாக இருக்கிறது, அதற்கு என்ன செய்ய?

லாரிக் கம்பெனி மேல் வெர்னெலின் வழக்கை, வக்கீல் ராஸ்கோ மத்திய அரசின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் போட்டார். மணவிலக்கு, உயில், வேலிச்சண்டை எல்லாம் மாநில நீதிமன்றத்தின் பாடு என்று அவளுக்கு விளக்கினார். அரசியல் சாசனம், நாட்டுக்கே பொதுவான சட்டங்கள், திவால் இவை கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு உரியவை. அதோடு, வெவ்வேறு மாநிலத்தார் மோதிக்கொள்ளும் பெரிய வழக்குகளும் அங்கே போகலாம். தன் ஊர் நீதிபதி தன் ஊர்க்காரன் பக்கம் சாய்ந்துவிடுவாரோ என்ற பழைய பயம்தான் காரணம். வெர்னெல் இப்போது ஆர்க்கன்ஸா, கம்பெனி டெக்ஸஸ். ஆகவே வாசல் திறந்திருக்கிறது. கோடை முடியுமுன் விசாரணை வந்துவிடும். மாநில நீதிமன்றம் என்றால் வருஷக்கணக்கில் இழுக்கும்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த டிரைவர் கூண்டில் ஏறி, அன்றைக்கு முனையில் என்ன நடந்தது என்று தன் வாயால் சொல்லவேண்டும். அதற்குள் அவன் எங்காவது கண்காணாமல் போய்விடுவானோ என்று பயந்தாள்.

கம்பெனி வக்கீல் மறுப்பு எதுவும் சொல்லவில்லை. நீதிபதியம்மாதான் நிறுத்தினார். இரு தரப்பும் கைகோத்துச் சம்மதித்தாலும், தனக்கு உரியதல்லாத வழக்கை அந்த நீதிமன்றம் தொடமுடியாது. அதனால், வெர்னெல் உண்மையில் எந்த மாநிலத்துக்காரி என்று அவள் வாயாலேயே கேட்க, நேரில் வரச்சொன்னார். தங்கை வீட்டிலேயே இருந்துவிடுவதாகச் சொன்னால் போதும் என்று ராஸ்கோ படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதென்ன பெரிய விஷயம் என்று அவளும் தலையாட்டியிருந்தாள்.

சத்தியம் செய்து நின்றாள். உயரமான ஜன்னலில் வெயில் மிதந்துகொண்டிருந்தது.

"மிசஸ் ஆக்ஸ்லி, நீங்க எங்க தூங்குறீங்கன்னு நான் கேக்கல," என்றார் நீதிபதி. "வழக்குப் போட்ட அன்னிக்கு, எது உங்க வீடுன்னு மனசுல இருந்துச்சு? திரும்பிப் போகணும்னு நெனச்ச எடம் எது?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அவளே தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. ராஸ்கோ சொல்லிக்கொடுத்தது நாக்கு நுனிவரை வந்தது.

"அவரு பூட்ஸு பின்வாசல்ல அப்படியே கெடக்குங்க," என்றாள். "நான் போய்த்தானே எடுத்து வைக்கணும். அதுதான் என் வீடு. எப்பவும் அதுதான்."

ராஸ்கோ கண்ணை மூடிக்கொண்டார். அவளும் டெக்ஸஸ், கம்பெனியும் டெக்ஸஸ். வழக்கை எடுக்கத் தனக்கு அதிகாரமில்லை, மாநில நீதிமன்றத்தில் புதிதாகப் போடலாம் என்று நீதிபதி மெதுவாகவே சொன்னார். பொய் சொல்லியிருந்தால் கோடைக்குள் அந்த டிரைவரின் குரலைக் கேட்டிருப்பாள். அது வெர்னெலுக்கு நன்றாகவே தெரியும்.

வெளியே ஐடெல் காரைக் கிளப்பி, வழக்கம்போல ஆர்க்கன்ஸா பக்கம் ஒடித்தாள். வெர்னெல் ஸ்டியரிங்கில் கை வைத்துத் தடுத்தாள்.

"அந்தப் பக்கம் திருப்புடி."

"அக்கா, அங்க போய் என்ன பண்ணப்போற?"

லானி செத்த நாளிலிருந்து யாரிடமும் சொல்லாததை வெர்னெல் சொன்னாள்.

"அங்க அவரு இல்லடி. எனக்குத் தெரியும். நீ திருப்பு."