வெறுங்காலில் வண்டி எடுப்பவர்

என் வீட்டுக்காரருக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இருந்ததில்லை. ஆனால் பெரிய பெரிய கார்களெல்லாம் அவர் கைக்கு வந்து போயிருக்கின்றன. ஓட்டல் வாசலில் அவருக்கு வேலை. விருந்தினர் இறங்கியதும் சாவியை வாங்கி, காரைப் பின்தெருவில் இருக்கிற நிறுத்துமிடத்தில் விட வேண்டும். அவர்கள் கிளம்பும்போது திரும்பக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அவ்வளவுதான்.

ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் எந்த வண்டியிலும் ஏறுவார். ஓட்டலில் கொடுத்த கறுப்பு ஷூ அது. போட்டே ஆக வேண்டும் என்று சட்டம். வாசலில் நிற்கிற வரைக்கும் போட்டிருப்பார். சாவி கைக்கு வந்ததும் கழற்றிவிடுவார். வாசல் காவலர் அவருக்குச் சிநேகிதர். சும்மா இருக்க மாட்டார்.

"என்னய்யா, வண்டிக்குள்ள சாமியா உட்கார்ந்திருக்கு?"

"அடுத்தவங்க வீட்டுக்குள்ள செருப்புக் காலோட போவியா நீ?"

"நான் போறது இருக்கட்டும். ஒருநாள் உன் ஷூவை எவனாவது தூக்கிட்டுப் போவான், அன்னிக்குத் தெரியும்."

அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். 'வெறுங்கால்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு வண்டியிலும் ஒரு கீறல் விழுந்ததில்லை. கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்தாலும், விலை கூடின வண்டி வந்தால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். பாதத்தில் நேராகப் பெடல் பட்டால்தான் வண்டியின் குணம் தெரியும் என்பார்.

அன்று காலையிலிருந்து விடாத மழை. இவர் குடை பிடித்து விருந்தினர்களை உள்ளே கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார். அப்போது தரையோடு ஒட்டினாற்போல ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வந்து நின்றது. உள்ளே வெள்ளை விரிப்பு. இவர் நனைந்த ஷூவையும் சாக்ஸையும் உருவிப் போட்டுவிட்டு ஏறியிருக்கிறார். பாதத்தைத் துடைக்க நேரமில்லை, பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன. அந்தக் காரில் பெடல்களுக்கு ரப்பர் உறை இல்லை. மழுமழுவென்று வெறும் உலோகம்.

பின்தெருத் திருப்பத்தில் லேசாகத்தான் ஆக்ஸிலேட்டரைத் தொட்டாராம். வண்டியின் பின்பக்கம் தனியாக ஒரு பக்கம் கிளம்பிவிட்டது. ஸ்டியரிங்கை மாற்றி ஒடித்துக்கொண்டே காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோயிருக்கிறார். ஈரப் பாதம் உலோகத்தில் வழுக்கி மறுபடி ஆக்ஸிலேட்டர் மேலேயே விழுந்திருக்கிறது. வேறு வண்டியாக இருந்தால் ஒரு உறுமலோடு போயிருக்கும். அது பம்பரம் மாதிரிச் சுழன்று மதில் சுவரில் போய் அறைந்தது. தெருவில் ஒரு ஆளும் இல்லை. அதற்கு நான் இன்றைக்கும் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் இவருடைய வலது கால் பெடல்களுக்கு நடுவில் சிக்கி நொறுங்கிவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு அந்தக் காரின் சொந்தக்காரரே வந்தார். "வண்டி கிடக்குதுங்க. உயிர் தப்பினதே பெரிசு. நீங்க உடம்பைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நாலு திட்டுத் திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்மா" என்றார்.

மறுநாள் மேனேஜர் வந்தார். அவரும் கெட்டவர் இல்லை.

"ஷூ எதுக்குங்க குடுத்திருக்கோம்?"

"வெள்ளை விரிப்பு சார். அழுக்காயிடுமேன்னு..."

மேனேஜர் கிளம்பும்போது சொன்னார்: "கால் குணமாகட்டும். வந்து ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க. நல்லா இருந்தா உங்க இடம் உங்களுக்குத்தான்."

அந்த ஒரு வார்த்தையில்தான் இவர் எழுந்து உட்கார்ந்தார். எலும்பு கூடிவிட்டது. நடக்கவும் ஆரம்பித்தார். பாதத்தில் உணர்ச்சிதான் வரவில்லை. நரம்பு போயிருக்கிறது, வந்தாலும் வரும், வராமலும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் பிரார்த்தனை முடிந்ததும் அவர் காலை என் மடியில் வைத்துத் துணியால் தேய்ப்பேன். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி ஒரு விரலைப் பிடிப்பேன்.

"எதுங்க?"

"கட்டைவிரல்."

"இல்லீங்க. சுண்டுவிரல்."

"அதான், சுண்டுவிரல்னுதான் சொல்ல வந்தேன்."

சில நாள் சரியாகச் சொல்லிவிடுவார். அன்றைக்கு எனக்குச் சமையல் வேலையே ஓடாது, அவ்வளவு சந்தோஷம். அப்படி இரண்டு மூன்று நாள் தொடர்ந்து சரியாக வரவும், என் தம்பியிடம் காரைக் கொண்டுவரச் சொன்னார். "மேனேஜருக்கு முன்னாடி நமக்குள்ள ஒருதடவை பார்த்துடலாம்" என்றார்.

காலியாகக் கிடந்த ஒரு மைதானத்தில் தம்பி வண்டியை நிறுத்தினான். "மாமா, முதல்ல ஸ்டார்ட் பண்ணாம காலை மட்டும் மாத்தி மாத்தி வெச்சுப் பாருங்க" என்றான்.

"எனக்கே டிரைவிங் சொல்லித் தர்றியா? நீ இந்த வண்டிய வாங்கி வந்தப்போ ரிவர்ஸ் எடுத்துக் குடுத்தது யாருடா?"

"நீங்கதான் மாமா. இப்ப நான் சொல்றதைக் கேளுங்க."

இவர் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில். "நான் நேராப் பார்க்கிறேன். கால் எது மேல இருக்குன்னு நீ பார்த்துச் சொல்லு" என்றார்.

காலை நகர்த்தினார். "பிரேக்."

குனிந்து பார்த்தேன். "ஆமாங்க, பிரேக்."

முகம் மலர்ந்துவிட்டது. காலைத் தூக்கி மறுபடி வைத்தார். "பிரேக்."

பார்த்தேன். இன்னும் நன்றாகக் குனிந்து பார்த்தேன்.

"என்னம்மா?"

"ஆக்ஸிலேட்டர்ல இருக்குங்க."

"நல்லாப் பாரு."

"பார்த்துட்டேங்க."

தானே குனிந்து பார்த்தார். தன் கால்தானா என்பது போலப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் எத்தனையோ தடவை வைத்துப் பார்த்தார். கீழே பார்த்தால் சரியாக வைக்கிறார். நிமிர்ந்து பாதையைப் பார்த்தால் கால் எங்கேயோ போகிறது. வெயிலில் வெளியே நின்றிருந்த தம்பி ஜன்னலில் குனிந்து, "போகப் போகச் சரியாயிடும் மாமா, இன்னும் கொஞ்ச நாள் கழிச்சு..." என்றான்.

"ஏண்டா, ஓட்டல் வாசல்ல சின்னப் பிள்ளைங்க நிக்கும்டா" என்று சாவியை அவனிடம் நீட்டினார். பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும், "நீயே மேனேஜர்கிட்ட சொல்லிடு" என்று படுத்துவிட்டார். நான் போன் செய்தேன். முடியாதுங்க, அவர் இனிமேல் வரமாட்டார் என்று சொன்னேன். அந்தப் பக்கம் ஏதோ வண்டி வந்து நிற்கிற சத்தம், கதவு சாத்துகிற சத்தம்.

"அப்படியாம்மா... அவர்கிட்ட கொஞ்சம் குடுங்களேன்."

திரும்பிப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் முகத்தை வைத்தபடி, வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"தூங்கறாருங்க" என்றேன்.

"சரி, தூங்கட்டும்" என்று மேனேஜர் போனை வைத்துவிட்டார்.